ஜார்ஜ் சைமன் ஓம்

ஜார்ஜ் சைமன் ஓம் (மார்ச் 16, 1789 – ஜூலை 6, 1854) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடு, அதில் பாயும் மின்னோட்டம், அதன் மின்தடை ஆகிய மூன்றையும் இணைக்கும் விதியை இவர் கண்டறிந்தார். இவ்விதி ஓமின் விதி என அழைக்கப்படுகிறது. மின்தடையின் அலகும் இவர் பெயராலேயே ஓம் எனப்படுகிறது.

மின்கலம், கம்பி, மின்விளக்கு ஆகியவற்றைக் கொண்ட எளிய சுற்று முதல் நகர மின்வழங்கல் அமைப்பு வரை எல்லா மின்சுற்றுகளின் கணக்கீட்டிற்கும் இவ்விதி அடிப்படையாக உள்ளது. இன்று பள்ளி மாணவர்கள் ஒரே பாடவேளையில் கற்றுக்கொள்ளும் இவ்விதியைக் கண்டறிந்தபோது ஓம் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தார். விதி வெளியானபின் அவருடைய நாட்டில் அதற்கு உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. அவர் தம் பணியை விட்டு விலகினார். அறிவியல் உலகம் அவரை முறையாக ஏற்றுக்கொள்ள மேலும் 14 ஆண்டுகள் ஆயின.

பிறப்பும் இளமையும்

ஓம், இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை யோகான் வுல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. தாய் மரியா எலிசபெத் பெக் ஒரு தையற்காரரின் மகள். இவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் மூவரே உயிர் பிழைத்தனர். ஓமின் தம்பி மார்ட்டின் ஓம் பின்னாளில் அறியப்பட்ட கணிதவியலாளர் ஆனார். ஓமிற்குப் பத்து வயதானபோது தாய் இறந்தார்.

தந்தை முறையான கல்வி பெறாதவர். ஆயினும் தம் முயற்சியால் கணிதமும் அறிவியலும் கற்று, அவற்றைத் தம் மகன்களுக்குத் தாமே கற்பித்தார். ஓம் பதினொரு வயது முதல் எர்லாங்கன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அங்குக் கிடைத்த அறிவியல் கல்வி குறைவே. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் கிறித்தியன் வான் லாங்ஸ்டோர்ஃப் சிறுவர்களின் கணிதத் திறனைச் சோதித்து வியந்து, புகழ்பெற்ற பெர்னூலி குடும்பத்துடன் அவர்களை ஒப்பிட்டார்.

1805இல் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் அவர் நேரத்தைச் செலவிட்டதால் தந்தை சினமுற்றார். மூன்று அரையாண்டுகளுக்குப் பின் படிப்பு நின்றது. 1806இல் ஓம் சுவிட்சர்லாந்திற்கு அனுப்பப்பட்டு, காட்ஸ்டாட் என்னும் ஊரில் கணித ஆசிரியராகப் பணியேற்றார். 1809 முதல் நூசாட்டெல் நகரில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தார். லாங்ஸ்டோர்ஃபின் அறிவுரைப்படி, ஆய்லர், லாப்லாசு, லாக்ருவா ஆகியோரின் கணித நூல்களை இக்காலத்தில் தாமே படித்தார். 1811இல் எர்லாங்கன் திரும்பி, அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று முனைவர் பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பணி

பட்டம் பெற்றபின் அதே பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளரானார். அவ்வருமானம் வாழ்க்கைக்குப் போதவில்லை. மூன்று அரையாண்டுகளில் அப்பணியை விட்டு, 1813இல் பாம்பெர்க் நகரில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளி 1816இல் மூடப்பட்டது.

1817இல் வடிவியல் கற்பித்தல் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்திற்கு அவர் அனுப்பிய இப்படைப்பு நல்ல மதிப்பைப் பெற்றது. அதே ஆண்டு கொலோன் நகரில் யேசு சபையினர் நிறுவிய உயர்நிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல் ஆசிரியர் பணி கிடைத்தது. இப்பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பூட்டுத் தொழிலாளியின் மகனான ஓம் கருவிகளைக் கையாளுவதில் தேர்ந்தவர். தமக்குத் தேவையான கருவிகள் சிலவற்றைத் தாமே செய்துகொண்டார்.

அக்கால மின்னியல்

1800இல் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா மின்கல அடுக்கை அறிவித்தார். தொடர்ந்து பாயும் மின்சாரம் அதனால் முதன்முதலாகக் கிடைத்தது. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். பாயும் மின்சாரத்தின் வலிமையை ஊசியின் விலகலைக்கொண்டு அளக்க இதனால் வழி பிறந்தது.

இருப்பினும் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்னும் மூன்று கருத்துகளும் அன்று தெளிவாகப் பிரித்தறியப்படவில்லை. இன்றுள்ள வோல்ட்டுமானி, அம்மீட்டர் போன்ற கருவிகள் இல்லை. அளப்பதற்கு அலகுகளும் இல்லை. கம்பியை நீட்டினால் மின்சாரத்தின் விளைவு குறைகிறது என்பது தெரிந்திருந்தது. எவ்வளவு குறைகிறது, எந்த முறைப்படி குறைகிறது என்னும் வினாவை ஓம் எடுத்துக்கொண்டார்.

ஓமின் சோதனைகள்

1825இல் ஓம் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். வோல்ட்டாவின் வகை மின்கலத்துடன் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, காந்த ஊசியின் மீது ஏற்படும் விசையை அளந்தார். கிடைத்த அளவீடுகளிலிருந்து மடக்கைச் சார்பு கொண்ட ஒரு வாய்பாட்டை அமைத்தார். இவ்வாய்பாடு சரியானதன்று.

பிழைக்குக் காரணம் மின்கலம். அக்கால மின்கலங்களில் மின்சாரம் பாயத் தொடங்கியதும் தகட்டின் மீது ஐதரசன் வாயுக் குமிழிகள் படிந்து, மின்னியக்கு விசை குறைந்துவிடும். மூலமே மாறிக்கொண்டிருக்கும்போது கம்பியால் ஏற்படும் மாற்றத்தைத் தனியே பிரித்தறிய இயலாது.

இதழாசிரியர் யோகான் போகெண்டோர்ஃப், மின்கலத்திற்கு மாற்றாக வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு ஓமிற்கு ஆலோசனை கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் பாயும் என்பதைத் தாமசு சீபெக் 1821இல் கண்டறிந்திருந்தார். வெப்பநிலை மாறாதவரை இதன் மின்னியக்கு விசையும் மாறாது.

1826இல் ஓம் பிஸ்மத், செம்பு ஆகிய உலோகங்களால் ஆன வெப்ப மின்னிரட்டையை அமைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்தார். அவற்றில் மிகக் குறுகியது 2 அங்குலம், மிக நீண்டது 130 அங்குலம். மெல்லிய உலோக இழையில் தொங்கிய காந்த ஊசி மின்சாரத்தால் விலகும்போது, இழையை முறுக்கி ஊசியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். தேவைப்பட்ட முறுக்கத்தின் அளவே மின்னோட்டத்தின் அளவு.

அளவீடுகள் அனைத்தும் ஓர் எளிய வாய்பாட்டிற்குப் பொருந்தின:

மின்னோட்டம் = மூலத்தின் வலிமை ÷ (சுற்றின் ஏனைய பகுதியின் தடை + கம்பியின் தடை)

கம்பியின் தடை அதன் நீளத்திற்கு நேர்விகிதத்தில் அமைந்தது. நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். வெப்பநிலை வேறுபாட்டை மாற்றியபோது மூலத்தின் வலிமையைக் குறிக்கும் எண் மட்டுமே மாறியது. தடையைக் குறிக்கும் எண் மாறவில்லை. மூலத்தின் பண்பும் கம்பியின் பண்பும் வெவ்வேறானவை என்பது இதனால் உறுதியாயிற்று. இன்று கற்பிக்கப்படும் வடிவம் இதிலிருந்து பெறப்பட்டது:

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை

வாய்பாட்டில் உள்ள முதல் தடை, மூலத்திற்குள்ளேயே இருக்கும் தடையையும் உள்ளடக்கியது. இது அகத்தடை எனப்படும். பழைய மின்கலம் இட்ட கைவிளக்கு மங்கலாக எரிவதற்கு இதுவே முக்கிய காரணம். விளக்கை இணைக்காதபோது அக்கலத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுமையாக இருக்கலாம். விளக்கை இணைத்ததும், வளர்ந்துவிட்ட அகத்தடை அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கலத்திற்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. மீதியே விளக்கைச் சென்றடைகிறது.

1827ஆம் ஆண்டு நூல்

1826 ஆகஸ்ட் முதல் ஓராண்டிற்கு, பாதி ஊதியத்துடன் விடுப்புப் பெற்று ஓம் பெர்லின் சென்றார். அங்கு அவர் எழுதிய, மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் நூல் 1827இல் வெளியானது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி பெறவேண்டும் என்னும் நெடுநாள் விருப்பம் இந்நூலால் நிறைவேறும் என ஓம் நம்பினார்.

பிரான்சின் ஜோசப் ஃபூரியே வெப்பக் கடத்தல் பற்றி 1822இல் வெளியிட்ட நூல் ஓமிற்கு வழிகாட்டியது. ஒரு தண்டில் வெப்பம் பாய்வது இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அதுபோலவே கம்பியில் மின்சாரம் பாய்வது இரு முனைகளின் மின் அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது என ஓம் காட்டினார். சுற்றின் எல்லாப் பகுதிகளையும் ஒரே முழுமையாகக் கருதவேண்டும் என்பதும் இந்நூலின் முக்கியக் கருத்தாகும். ஓர் இடத்தில் தடையை மாற்றினால் சுற்று முழுவதிலும் மின்னோட்டம் மாறும்.

எதிர்ப்பும் பதவி விலகலும்

நூலுக்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஜெர்மானிய இயற்பியலாளர்கள் பலர் அன்று இயற்பியலில் கணித முறையைப் பயன்படுத்திப் பழகியவர்கள் அல்லர். ஹெகலின் தத்துவத்தைப் பின்பற்றிய ஜார்ஜ் பிரெடெரிக் போல் இந்நூலைக் கடுமையாக விமர்சித்தார். நூலின் அமைப்பும் ஓமிற்குப் பாதகமாயிற்று. ஓராண்டுக்கு முன் வெளியிட்ட துல்லியமான அளவீடுகளை நூலில் முன்னிறுத்தாமல், கருதுகோள்களிலிருந்து கணித வழியில் விதியை வருவித்திருந்தார். படித்தவர்களுக்கு அது சோதனைக்கு உட்படாத வெறும் கோட்பாடாகத் தோன்றியது.

பேராசிரியர் பதவி கிடைக்காத ஓம், 1828 மார்ச்சில் கொலோன் பள்ளிப் பணியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 39. அடுத்த ஐந்து ஆண்டுகள் பெர்லினில் ராணுவப் பள்ளி முதலிய இடங்களில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். 1833இல் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியரானார். 1839இல் அதன் தலைவரானார்.

அங்கீகாரம்

இதற்கிடையில் ஓமின் விதி மெல்லப் பரவியது. ஜெர்மனியில் குஸ்தாவ் ஃபெக்னர் 1831இல் விரிவான சோதனைகளால் அதை உறுதிசெய்தார். ரஷ்யாவில் லென்சு அதைத் தம் ஆய்வுகளில் பயன்படுத்தினார். பிரான்சில் கிளாட் பூயே 1837இல் இதையொத்த முடிவுகளை வெளியிட்டார்.

1841இல் லண்டன் அரச கழகம் தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை ஓமிற்கு வழங்கியது. அதே ஆண்டு அவரது நூல் ஆங்கிலத்தில் வெளியானது. 1842இல் அக்கழகத்தின் அயல்நாட்டு உறுப்பினரானார். 1843இல் சார்லசு வீட்ஸ்டன், ஓமின் விதியை அடிப்படையாகக்கொண்டு மின்தடையை அளக்கும் முறைகளை வெளியிட்டார். பள்ளி ஆய்வகங்களில் உள்ள வீட்ஸ்டன் சமனச் சுற்று இவ்வாறு புகழ்பெற்றது. அச்சுற்றை முதலில் அமைத்தவர் சாமுவேல் கிறிஸ்டி.

1845இல் பவேரிய அறிவியல் கழகம் ஓமை உறுப்பினராக்கியது. 1849இல் அக்கழகத்தின் இயற்பியல் கருவிக்கூடக் காப்பாளராக மியூனிக் சென்றார். 1852இல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். வாழ்நாள் முழுதும் விரும்பிய பதவியை 63ஆம் வயதில் பெற்ற அவர், இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6 அன்று காலமானார். ஓம் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரது உடல் மியூனிக் நகரின் பழைய தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஓம் ஒலியியலிலும் ஆய்வு செய்துள்ளார். மனிதக் காது ஒரு கலப்பொலியை எளிய தொனிகளாகப் பிரித்து உணர்கிறது என்னும் கருத்தை 1843இல் வெளியிட்டார். பின்னர் ஹெல்ம்ஹோல்ட்சு இக்கருத்தை விரிவாக்கினார்.

கேவண்டிஷின் வெளிவராத ஆய்வு

இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1781இலேயே இதையொத்த முடிவை எட்டியிருந்தார். உப்புக் கரைசல் நிரப்பிய குழாய்களின் வழியே மின்சாரத்தைத் தம் உடலில் செலுத்தி, அதிர்ச்சியின் அளவைக்கொண்டே மின்சாரத்தை ஒப்பிட்டார். இம்முடிவை அவர் வெளியிடவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவரது குறிப்புகளைத் தொகுத்து 1879இல் வெளியிட்ட பின்னரே உலகம் இதை அறிந்தது. ஓம் இதைப் பற்றி அறிய வாய்ப்பே இருக்கவில்லை.

மின்விளக்குகளும் ஓமின் விதியும்

வீட்டிற்கு ஏற்ற மின்விளக்கு, ஓம் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின்னரே உருவானது. 1879இல் தாமசு ஆல்வா எடிசன் கரி இழை விளக்கை உருவாக்கினார். இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் இதே காலத்தில் கரி இழை விளக்கை உருவாக்கினார். எடிசனின் விளக்கில் இழையின் மின்தடை மிகுதியாக இருந்தது. இத்தேர்வு ஓமின் விதியிலிருந்து பெறப்பட்டதாகும்.

எடுத்துக்காட்டாக, 100 வாட்டுத் திறன் கொண்ட இரு விளக்குகளைக் கொள்க. ஒன்றின் மின்தடை 1 ஓம் எனில், அதற்கு 10 வோல்ட்டு அழுத்தமும் 10 ஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். மற்றொன்றின் மின்தடை 100 ஓம் எனில், 100 வோல்ட்டு அழுத்தமும் 1 ஆம்பியர் மின்னோட்டமுமே போதும். வழங்கு கம்பிகளில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே ஒரே கம்பியில் முதல் விளக்கால் ஏற்படும் இழப்பு, இரண்டாவதால் ஏற்படுவதைப்போல் 100 மடங்கு ஆகும். அவ்விழப்பைத் தவிர்க்கப் பருமனான செம்புக் கம்பிகள் தேவைப்படும், செலவு பெருகும். எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரில் தொடங்கிய மின்வழங்கல் நிலையம் 110 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தை வழங்கியது.

தொடரிணைப்பு: விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாயும். மின்தடைகள் கூடும். ஒரு விளக்கின் இழை அறுந்தால் சுற்று முறிந்து அனைத்தும் அணையும்.

பக்க இணைப்பு: ஒவ்வொரு விளக்கும் மூலத்தின் இரு முனைகளுக்கிடையே தனித்தனியே இணைக்கப்பட்டால் ஒவ்வொன்றும் முழு மின்னழுத்தத்தைப் பெறும். ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். வீடுகளில் இம்முறையே பின்பற்றப்படுகிறது.

230 வோல்ட்டிற்கான 40 வாட்டு, 100 வாட்டு இழை விளக்குகள் பக்க இணைப்பில் இருந்தால் 100 வாட்டு விளக்கே கூடுதல் ஒளி தரும். அவற்றைத் தொடரில் இணைத்தால் 40 வாட்டு விளக்கு கூடுதல் ஒளி தரும். முழு ஒளியில் எரியும்போது 40 வாட்டு இழையின் மின்தடை சுமார் 1320 ஓம், 100 வாட்டு இழையின் மின்தடை சுமார் 530 ஓம். தொடரில் மின்னோட்டம் ஒன்றே என்பதால், மின்தடை மிகுந்த விளக்கிற்கே மின்னழுத்தத்தின் பெரும் பங்கு கிடைக்கிறது.

விதியின் எல்லை

வெப்பநிலை முதலிய நிலைமைகள் மாறாதபோது, உலோகக் கடத்திகளுக்கு ஓமின் விதி மிகத் துல்லியமாகப் பொருந்தும். எல்லாப் பொருள்களும் இவ்விதிக்கு உட்பட்டவை அல்ல. இழை விளக்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 230 வோல்ட்டில் எரியும் 60 வாட்டு விளக்கில் சுமார் 0.26 ஆம்பியர் பாய்கிறது. அதன் மின்தடை சுமார் 880 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் டங்ஸ்டன் இழையின் மின்தடை இதில் பத்தில் ஒரு பங்கையும்விடக் குறைவாக இருக்கும். விளக்கைப் போடும் கணத்தில் மிகுதியான மின்னோட்டம் பாய்வதற்கு இதுவே காரணம். பழைய விளக்குகள் பெரும்பாலும் போடும்போதே அறுந்துபோவதும் இதனாலேயே.

ஒளியுமிழ் இருமுனையம் ஓமின் விதிக்கு உட்படுவதில்லை. குறிப்பிட்ட அழுத்தத்திற்கு மேல் அதில் மின்னோட்டம் விரைந்து பெருகும். ஆதலால் எளிய சுற்றுகளில் அதனுடன் ஒரு மின்தடையம் தொடரில் இணைக்கப்படுகிறது. அம்மின்தடையத்தின் அளவைக் கணக்கிடுவதற்கு ஓமின் விதியே பயன்படுகிறது.

ஓம் என்னும் அலகு

1861இல் இங்கிலாந்தின் லாட்டிமர் கிளார்க், சார்லசு பிரைட் ஆகியோர் மின் அலகுகளுக்கு அறிவியலாளர்களின் பெயர்களைச் சூட்ட முன்மொழிந்தனர். அவர்கள் ஓமின் பெயரை மின்னியக்கு விசைக்கும், வோல்ட்டாவின் பெயரை மின்தடைக்கும் வைத்தனர். பின்னர் இவை இடம் மாறின. 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட்டு, ஆம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றுக்கொண்டது. எடிசனின் விளக்குகள் அதே ஆண்டு அந்நகரில் நடந்த மின்பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்தன.

1893இல் சிக்காகோ மாநாடு, 0 பாகை செல்சியசில் 106.3 செ.மீ. நீளமுள்ள, வரையறுக்கப்பட்ட நிறை கொண்ட பாதரசக் கம்பத்தின் மின்தடையை ஓர் ஓம் என வகுத்தது. 2019 முதல் மின்னணுவின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகியவற்றின் நிலையான மதிப்புகளைக்கொண்டு ஓம் பெறப்படுகிறது. ஒமேகா என்னும் கிரேக்க எழுத்து இதன் குறியீடு ஆகும்.

மின்தடையின் தலைகீழான மின்கடத்துத்திறனுக்கு, ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பி எழுதி மோ என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிவந்தது. பின்னர் இதற்குச் சீமென்சு என்னும் அலகு ஏற்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

மியூனிக் நகரில் ஓமிற்குச் சிலை உள்ளது. நியூரம்பெர்க் நகரின் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கும் ஓம் எனப் பெயரிடப்பட்டுள்ளது.